ஒரு பழைய வண்டியை எத்தனை பேர் ஓட்டுகிறார்கள், தெரியுமா?

சிவனொளிபாதமலை ஏறுகிறவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். மலையேறாமல், கீழே நல்லதண்ணியிலேயே விடிய விடிய விழித்திருக்கும் ஒரு கூட்டம் உண்டு, தெரியுமா? வண்டி ஓட்டி வந்தவர்கள்தான்! டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் போயா வரை, காலியிலிருந்தும் குருநாகலிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வரும் வேன்களும் பஸ்களும் இங்கே வரிசை கட்டி நிற்கும். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏறி, 2,243 மீட்டர் உச்சியில் சூரியோதயம் பார்க்க யாத்திரிகர்கள் போய்விடுவார்கள். கீழே யாரோ ஒருவர் பொனட்டைத் திறப்பார். அவ்வளவுதான்! பக்கத்து வேன்காரர் டோர்ச்சோடு வருவார், அடுத்தவர் பிளேன்டீயோடு வருவார். கினிகத்தேனை ஏற்றத்தை எந்த கியரில் பிடித்தீர்கள், நோர்வூட் தாண்டியதும் அடியில் சத்தம் கேட்டதா, பிரேக் வாடை அடித்ததா என்று தமிழும் சிங்களமும் கலந்து பேச்சு ஓடும்.

வண்டிப் பிரியர்கள் ஏன் இப்படிக் கூடிக்கொள்கிறார்கள்? பொழுதுபோக்கு என்றால் பாதிதான் சரி. மலைநாட்டில் ஒரு பழைய வண்டியைத் தனியாளாக வைத்திருக்கவே முடியாது என்பதுதான் மீதிப் பாதி. அதை ஓட வைக்கிற அறிவு பத்துப் பேரிடம் சிதறிக் கிடக்கிறது.

தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும் என்று படித்தோம் அல்லவா? நுவரெலியாவில் அப்படி இல்லை! 1,868 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் அழுத்தத்தைப் பிடித்து வைத்து, கொதிநிலையை உயர்த்தித் தருவது அந்தச் சின்ன மூடிதான். அதன் ரப்பரும் ஸ்பிரிங்கும் தளர்ந்துவிட்டால், சமவெளியில் சமாளித்த எஞ்ஜின் ரம்பொடை ஏற்றத்தில் ஆவி கக்கும். புதிதாக வண்டி வாங்கிய இளைஞர் ஹெட் கேஸ்கட் போய்விட்டதோ என்று பதறுவார். பழகிய ஒருவர் மட்டும் மூடியைப் பார்ப்பார். “தம்பி, இப்ப தொறக்காத, ஆறட்டும்! பொறகு மூடிய மாத்திப் பாரு” என்பார். பெரிய செலவு ஒன்று அந்த ஒரு வாக்கியத்தில் மிச்சம்!

எஞ்ஜினுக்கும் மூச்சு வாங்கும், தெரியுமா? நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் வண்டிக்குப் பெட்ரோல் கூடி, காற்றுக் குறைந்து, பிளக் கறுத்துப்போகும். கொழும்பில் கச்சிதமாக டியூன் செய்த வண்டி ஹட்டனில் முனகுவது இதனால்தான். டர்போ உள்ள டீசல் வண்டிக்கு இந்தக் கஷ்டம் குறைவு.

இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டால் எண்ணெய் மிச்சம் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்! பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். இன்ஜெக்‌ஷன் எஞ்ஜினில் கியரைப் போட்டு, எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் எரிபொருள் அடியோடு நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்ஜின் அணையாமலிருக்க எண்ணெய் குடிக்கும்! 2022 நெருக்கடியில் கியூஆர் பங்கீடு தொடங்கியபோது, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீட்டர், த்ரீவீலருக்கு 5, காருக்கு 20 என்றுதான் கிடைத்தது. ஒவ்வொரு சொட்டும் பெரிதாக இருந்த அந்த நாட்களில் இப்படியான விஷயம் தெரிந்தவர்களுக்குத் தனி மரியாதை!

கராஜில் ஒரு காட்சியைப் பார்த்திருக்கிறீர்களா? எஞ்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். பாஸ் ஒரு நீண்ட ஸ்குரூ டிரைவரை எடுத்து, முனையை ஆல்டனேட்டர் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொள்வார். மருத்துவரின் குழாய்போல அந்த இரும்பு சத்தத்தைக் கொண்டு வரும். பிறகு வாட்டர் பம்ப், பிறகு டைமிங் மூடி. கரகரவென்று உரசுகிற பேரிங் எதுவென்று எதையும் கழற்றாமலே பிடித்துவிடுவார்! இதை எந்தப் புத்தகத்தை வைத்துப் பழகுவது? பக்கத்தில் நின்று, அந்தக் கைப்பிடியை நம் காதிலும் ஒருமுறை வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

சரி, இலங்கையர் உயிராக நேசிக்கும் மொரிஸ் மைனருக்கு வருவோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமான கார் இது. உற்பத்திக்குப் போகும் தறுவாயில், கார் ஒடுக்கமாகத் தெரிகிறதே என்று இசிகோனிஸுக்கு உறுத்தல். மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக அறுக்கச் சொல்லி, இரு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். நாலு அங்குலம் விலகியதும் சரி என்றார்! ஆனால் பம்பர்கள் ஏற்கெனவே தயாராகிவிட்டனவே? அவற்றையும் நடுவில் வெட்டி, நாலு அங்குலத் துண்டு சேர்த்தார்கள். ஆரம்பகாலக் கார்களின் பம்பர் நடுவில் அந்த ஒட்டு இருக்கும். பொனட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டையும் அந்த நாலு அங்குலத்தின் அடையாளம்தான்! பத்து இலட்சம் தாண்டிய முதல் பிரிட்டிஷ் கார் என்ற பெயரை எடுத்தது இதுவே. கண்ணாடி இரண்டு துண்டாக இருந்தால் 1956க்கு முந்திய தயாரிப்பு. கதவுத் தூணிலிருந்து சின்னக் கை நீண்டு திரும்பும் திசையைக் காட்டினால் 1961 வரையிலான காலம். இதையெல்லாம் ஒருவர் சொல்ல மற்றவர் திருத்த, அந்த வாதத்தின் சுகமே தனி!

எண் தகட்டைப் படிக்கவும் இவர்களிடம்தான் கற்க வேண்டும். ‘ஸ்ரீ’ எழுத்துத் தாங்கிய தகட்டைக் கண்டால் பலருக்கு அது பழைய கார், அவ்வளவுதான். 1950களின் பிற்பகுதியில் அந்தச் சிங்கள எழுத்து தகடுகளில் ஏறியபோது தமிழர்கள் எதிர்த்துப் போராடினார்கள். அந்தப் போராட்டம் மலையகத் தோட்டங்கள்வரை வந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

இத்தனை பழைய வண்டிகள் நம்மிடம் எப்படித் தங்கின? வருமானம் குறைவு என்பது மட்டும் காரணமல்ல. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1977இல் பொருளாதாரம் திறக்கும்வரை, இருக்கிற வண்டியை வாழவைப்பதைத் தவிர வழியில்லை. மறுபடி 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. உதிரிப்பாகம் வராதபோது என்ன செய்வது? யாரிடம் இருக்கிறது என்று தெரிந்த ஆளைத் தெரிந்து வைத்திருப்பதுதான்! கிடைக்காததை லேத் பட்டறையில் கடைந்தார்கள். அந்தக் கைத்திறன் எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர் இலங்கையைத் தேடி வந்து கூட்டுச் சேர, 1990களில் மொரிஸ் மைனரின் பாகங்கள் இங்கே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே கப்பலேறின! பெருமைப்படாமல் இருக்க முடியுமா?

தேயிலைக்கும் லேண்ட் ரோவருக்கும் உள்ள உறவு இன்னும் வியப்பு. நம் தோட்டங்களில் தொரைமார் ஓட்டிய அந்த வண்டியும் பிறந்தது 1948இல்தான். போருக்குப் பின் இரும்புத் தகட்டுக்குப் பங்கீடு, அலுமினியமோ தாராளம்; அதனால்தான் அலுமினிய உடல், அதனால்தான் மழையிலும் துருவுக்குப் பிடிகொடுக்காத தோல்! டார்ஜீலிங் பக்கம் மானேபஞ்சாங்கில், தோட்டக்காரர்கள் விட்டுப்போன 1950களின் லேண்ட் ரோவர்கள் இன்றும் 3,636 மீட்டர் உயரச் சந்தக்ஃபூவுக்கு ஆளேற்றுகின்றன. உரிமையாளர்கள் சங்கமே வைத்திருக்கிறார்கள். பல வண்டிகளின் வயிற்றில் இப்போது மஹிந்திரா டீசல் எஞ்ஜின்! மலேசியாவின் கேமரன் மலையிலும், நம்மைப் போலவே தமிழர்கள் கொழுந்து பறித்த மண்ணில், பழைய லேண்ட் ரோவர்கள் மரக்கறி சுமக்கின்றன. மூன்று நாட்டுத் தேயிலை மலைகளிலும் ஒரே வண்டி, ஒரே வைத்தியம்.

ஏப்ரலில் நுவரெலியா பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மஹகஸ்தொட்டை மலையேற்றப் போட்டி 1930களிலிருந்து வரும் பாரம்பரியம். அங்கே கார்கள் முட்டிமோதுவதில்லை. ஒவ்வொன்றாக ஏறும், கடிகாரத்தோடுதான் பந்தயம். வளைவில் நின்று கைதட்டுவதோடு திரும்பிவிடாதீர்கள்! வண்டிகளைத் தயார்படுத்தும் இடத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கையில் கிரீஸோடு குனிந்திருப்பவரிடம், “அண்ணே, இது என்ன எஞ்ஜின்?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் முடிய அரைமணி நேரமாவது ஆகும், வீட்டுக்குப் பிந்தித்தான் போவீர்கள்!