பால் பல்லில் ஒரு பதிவேடு

விழுந்த பால் பல்லைக் கூரைமேல் எறிந்துவிடுகிறோம். 1970களில் அமெரிக்காவின் பாஸ்டனை அடுத்த செல்சி, சாமர்வில் என்னும் ஊர்களில் அதைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கிச் சேர்த்தார்கள், டாக்டர் ஹெர்பர்ட் நீடில்மன் குழுவினர். அவர்கள் தேடியது காரீயம். பழைய சுவர்களின் பெயிண்டிலும் மோட்டார் வண்டிப் புகையிலும் அது அன்று தாராளமாக இருந்தது.

இரத்தத்தைச் சோதித்தால் போதாதோ என்பீர்கள். இரத்தத்தில் கலந்த காரீயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகிவிடும். ஆனால் உடல் அதைக் கால்சியம் என்றெண்ணி ஏமாந்து, எலும்பிலும் பல்லிலும் பூட்டி வைக்கிறது. மழலைப் பருவத்தில் புகுந்தது பல்லிலே தங்கிவிடும்.

முடிவு 1979இல் வெளிவந்தது. பல்லில் காரீயம் மிகுந்த பிள்ளைகள், நோய்க்குறி ஏதுமில்லாதிருந்தும், அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கினர். எவர் பல்லில் எவ்வளவு என்றறியாத ஆசிரியர்களும் அவர்களையே கவனம் சிதறுபவர்கள் என அதிகமாகக் குறித்திருந்தனர். (‘மந்தம்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்!)

காரீயம் கலந்த பெட்ரோல் இந்தியச் சாலைகளிலிருந்து 2000இலும், கடைசியாக அல்ஜீரியாவிலிருந்து 2021இலும் விடைபெற்றது. பழைய பெயிண்ட் இன்னும் உதிர்ந்துகொண்டிருக்கிறது.

பல் ஆராய்ச்சியும் வளர்ந்திருக்கிறது. மரத்தின் வளையம்போல் பல்லும் அடுக்கடுக்காக வளர்கிறது. பிறந்த வேளைக்கென்றே அதில் தனிக்கோடு உண்டு. நியூயார்க்கில் மணீஷ் அரோரா குழுவினர் லேசர் கதிரால் அவ்வடுக்குகளைப் புள்ளி புள்ளியாக ஆவியாக்கி, கருவில் புகுந்த காரீயம் எது, பிறந்தபின் புகுந்தது எது எனப் பிரித்துச் சொல்கிறார்கள்.