நரம்பு தளர்ச்சின்னு லாட்ஜை தேடி ஓடாதீங்க! தளர்வது நரம்பு அல்ல, மனசு

திருப்பூர்:

பனியன் கம்பெனி டெய்லர், செக்கிங் பெண், லாரி டிரைவர், ஓட்டல் மாஸ்டர்... யாராக இருந்தாலும் சரி. மனசு ஒடிந்து, உடம்பு ஓய்ந்து, வேலைக்கு போக முடியாமல் படுத்துவிட்டால் அக்கம்பக்கத்தில் உடனே ஒரு பெயர் வைத்து விடுகிறார்கள். 'நரம்பு தளர்ச்சி!'

பஸ் நிலைய சுவர், கழிப்பிட கதவு, மின்கம்பம் என்று எங்கு பார்த்தாலும் இதே வார்த்தையுடன் நோட்டீஸ். மாதம் ஒருமுறை லாட்ஜில் வைத்தியர் வருவதாக தேதியும் போட்டிருப்பார்கள். அவர்கள் சொல்லும் 'நரம்பு தளர்ச்சி' பெரும்பாலும் ஆண்மைக்குறைவு சமாசாரம். மனசு ஒடிந்தவரும் அதை நம்பிப்போய் லேகியம், சூரணம் என்று வாரச்சம்பளத்தை கொட்டிவிட்டு வருகிறார். பணம் போகிறது, நோய் போவதில்லை. சில வீடுகளில் உயிரும் போய்விடுகிறது.

அப்படியானால் இது உண்மையில் என்ன? முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? எங்கே காட்டுவது? விவரம் வருமாறு:-

பெயர் வந்த கதை

ஆங்கிலத்தில் இதை 'நெர்வஸ் பிரேக்டவுன்' என்பார்கள். 1869-ல் ஜார்ஜ் பியர்ட் என்ற அமெரிக்க டாக்டர், நரம்பில் உள்ள சக்தி தீர்ந்து போவதால்தான் மனுஷன் சோர்ந்து விழுகிறான் என்று எழுதினார். பேட்டரி சார்ஜ் இறங்குவது போல என்பது அந்தக்கால எண்ணம். நம்ம ஊர் 'நரம்பு தளர்ச்சி' என்ற பேச்சும் அதே எண்ணத்தில் வருவதுதான்.

இன்று எந்த மனநல டாக்டரும் சீட்டில் இப்படி ஒரு நோயின் பெயரை எழுதுவதில்லை. இந்த ஒரு பெயருக்குள் பல நோய் ஒளிந்திருக்கிறது. மனச்சோர்வு, பதற்ற நோய், திடீர் பீதி, பெரிய அதிர்ச்சியால் வரும் பாதிப்பு, அபூர்வமாக மனச்சிதைவு. இதில் எதிலும் நரம்பு தளர்ந்து தொங்குவது கிடையாது.

நிஜமான நரம்பு நோய் வேறு. சர்க்கரை வியாதியில் பாதம் எரியும், மரத்துப்போகும். பி12 வைட்டமின் குறைந்தாலும் அப்படி ஆகும். கை நடுக்கத்துக்கு தைராய்டு காரணமாக இருக்கலாம். தினமும் குடிப்பவருக்கு காலையில் சரக்கு இறங்கியதும் கை நடுங்கும். அதனால் முதலில் ஒரு ரத்த பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது.

எப்படி வருகிறது?

ஒரே நாளில் வருவதில்லை. லாரியில் அளவுக்கு மீறி லோடு ஏற்றிக்கொண்டே போனால் ஒருநாள் அச்சு முறியும் அல்லவா, அது போலத்தான்.

நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட். ஷிப்மெண்ட் நேரத்தில் விடிய விடிய வேலை. சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும்போதே குழு கடன், வட்டிக்காரர், லைன் வீட்டு வாடகை மூன்றும் வாசலில் நிற்கும். ஊரில் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி செலவு, பிள்ளைக்கு பள்ளிக்கூட பீஸ். சாப்பாட்டை தள்ளிப்போட்டு டீயும் போண்டாவும். கடைசியில் தூக்கமும் போகிறது.

தெருநாய் துரத்தினால் நெஞ்சு படபடவென அடிக்கும், கை கால் முறுக்கேறும். ஓடித்தப்பிக்க உடம்பு அட்ரினலின், கார்ட்டிசோல் என்ற சுரப்புகளை விடுகிறது. நாய் போனதும் அது அடங்கிவிட வேண்டும். ஆனால் கடனும் கவலையும் போவதில்லையே! மாதக்கணக்கில் உடம்பு அதே ஓட்டத்தில் இருந்தால் தூக்கம், பசி, ஞாபகம், கோபம் எல்லாமே கெடுகிறது.

வேலை பறிபோனது, வீட்டில் சாவு, குடிகார கணவன், பிரசவம் போன்றவையும் காரணமாகலாம். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் வாய்ப்பு கூடுதல். 'தைரியம் இல்லாதவனுக்குத்தான் வரும்' என்பது தப்பு. இழுத்துப்போட்டு வேலை செய்கிற ஆளுக்கும் வரும்.

முன்னாடியே தெரியும் அறிகுறிகள்

1. தூக்கம்: படுத்தால் தூக்கம் வராது. அல்லது விடியற்காலை 3 மணிக்கே முழிப்பு வந்து, பிறகு மோட்டுவளையை பார்த்தபடி கிடப்பார். பெரும்பாலும் முதல் மணி அடிப்பது இதுதான்.

2. உடம்பு வலி: தலை பாரம், நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டல், வயிறு எரிச்சல், கை கால் அசதி. ஸ்கேன், இ.சி.ஜி. எல்லாம் 'நார்மல்' என்று வரும். நம்ம ஜனங்கள் 'மனசு சரியில்ல' என்று சொல்வதை விட 'உடம்பு முடியல' என்றுதான் அதிகம் சொல்கிறார்கள். ஒன்று மட்டும் முக்கியம். நெஞ்சு வலி என்றால் முதலில் இதயத்தை பார்த்துவிட வேண்டும். 'எல்லாம் மனசுதான்' என்று நாமே முடிவு கட்டக்கூடாது.

3. கோபம்: சாதுவாக இருந்தவர் சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவார். பிள்ளைகளை அடிப்பார். பிறகு தனியாக உட்கார்ந்து அழுவார்.

4. வேலையில் தடுமாற்றம்: அளவு மாறிப்போகும், தையல் பிசகும். சொன்னது மறக்கும். அடிக்கடி லீவு.

5. ஒதுங்குதல்: போனை எடுக்கமாட்டார். விசேஷ வீட்டுக்கு வரமாட்டார். பிடித்த சினிமா, கிரிக்கெட், கோவில் எதுவும் ருசிக்காது.

6. தன்னை கவனிக்காமை: குளிப்பது, சவரம், தலை வாருவது நின்றுபோகும். சாப்பாடு குறையும்.

7. குடி: வாரம் ஒருநாள் என்பது தினமும் ஆகும்.

8. பேச்சு: 'என்னால எல்லாருக்கும் பாரம்', 'நான் இருந்து என்ன பண்ண' என்ற பேச்சு அடிக்கடி வரும்.

ஒருநாள் இரண்டு நாள் இப்படி இருப்பது எல்லோருக்கும் உள்ளதுதான். இதில் பல ஒன்றாக சேர்ந்து 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது கணக்கு.

2 வாரம் காத்திருக்க கூடாத நேரம்

சாவதை பற்றி பேசுவது, எல்லோரிடமும் விடைபெறுவது போல நடப்பது, காதில் யாரோ பேசுவதாக சொல்வது, பல நாள் ஒரு பொட்டு தூக்கம் இல்லாமல் அலைவது, சாப்பாடு தண்ணீரை அடியோடு மறுப்பது... இவை அவசரம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும்.

பிரசவம் ஆன பெண் சில நாள் அழுவது சகஜம். 2 வாரம் தாண்டியும் தொடர்ந்தால் டாக்டரை பார்க்க வேண்டும். சம்பந்தம் இல்லாமல் பேசினாலோ, குழந்தையை பற்றி விபரீதமாக சொன்னாலோ ஒருநாள் கூட தள்ளிப்போடாதீர்கள். தாயையும் சேயையும் தனியே விடாதீர்கள்.

2022-ம் ஆண்டு தேசிய குற்ற ஆவண காப்பக கணக்குப்படி தமிழ்நாட்டில் 19 ஆயிரத்து 834 பேர் தற்கொலை செய்துகொண்டனர். மராட்டியத்துக்கு அடுத்த இடம் நமக்கு. நாடு முழுவதும் அந்த ஆண்டு இறந்தவர்களில் 100-க்கு 26 பேர் தினக்கூலிகள். அதனால்தான் இதை சாதாரணமாக விடக்கூடாது.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

'ஊர்ல யாருக்குத்தான் கஷ்டம் இல்ல', 'எல்லாம் திமிரு' என்று சொல்லாதீர்கள். கால் ஒடிந்தவரிடம் எழுந்து ஓடு என்று சொல்வது போலத்தான் அது.

பக்கத்தில் உட்காருங்கள். 'என்னப்பா, கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கியே, என்னன்னு சொல்லு' என்று கேளுங்கள். நடுவில் புத்திமதி வேண்டாம். 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது வீண் பயம். கேட்டால்தான் மனபாரம் இறங்கும்.

பூச்சி மருந்து, மாத்திரைகளை எடுத்து பூட்டி வையுங்கள். ஆளை தனியே விடவேண்டாம். 'தூக்கம் வரட்டுமே' என்று சரக்கு வாங்கி கொடுப்பது ரொம்ப ஆபத்து. போதை இறங்கியதும் சோர்வு இரண்டு மடங்காகும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களே தூக்க மாத்திரை கேட்டு வாங்குவதும் கூடாது, பழக்கமாகிவிடும்.

கோவில், தர்கா, சர்ச்சுக்கு போவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அதற்காக சிகிச்சையை விடக்கூடாது. ஏர்வாடியில் 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந்தேதி நடந்த தீ விபத்தில் 28 மனநோயாளிகள் பலியானார்கள். சங்கிலியால் கட்டிப்போட்டிருந்ததால் அவர்களால் ஓடித்தப்ப முடியவில்லை. 2017-ம் ஆண்டு மனநல பராமரிப்பு சட்டப்படி நோயாளியை சங்கிலியில் கட்டுவதற்கு தடை உள்ளது.

சிகிச்சை எப்படி இருக்கும்?

முதலில் டாக்டர் பேசுவார், கேட்பார். லேசான பாதிப்பு என்றால் கவுன்சிலிங், தூக்கம், ஓய்வு, வேலைநேரத்தை குறைப்பது ஆகியவையே போதும். கூடுதலாக இருந்தால் மாத்திரை தருவார்கள்.

மனச்சோர்வு மாத்திரை தலைவலி மாத்திரை போல உடனே கேட்காது. வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். '10 நாள் சாப்பிட்டேன், ஒண்ணும் ஆகல' என்று பலர் நிறுத்தி விடுகிறார்கள். அங்கேதான் தப்பு. குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டியிருக்கும். இது போதை மாத்திரை அல்ல. ஆனாலும் டாக்டர் சொல்லாமல் திடீரென நிறுத்தக்கூடாது.

'ஷாக் வைப்பாங்க' என்ற பயமும் வேண்டாம். ஒரு சிலருக்குத்தான் அது தேவைப்படும். மயக்க மருந்து இல்லாமல் கொடுக்க சட்டத்திலேயே தடை இருக்கிறது.

கேஸ் ஆகும் என்று மறைக்காதீர்கள்

தற்கொலைக்கு முயன்றவரை போலீசுக்கு பயந்து வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்த்து, உயிரை விட்டவர்கள் உண்டு. இப்போது நிலைமை மாறிவிட்டது. அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே 2017 சட்டம் கருதுகிறது. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் பழைய 309-வது பிரிவும் இல்லை. தயங்காமல் 108-க்கு போன் போடுங்கள்.

கந்து வட்டிக்காரர் மிரட்டுவதுதான் காரணம் என்றால் அதற்கு தனி சட்டம் 2003-ல் இருந்தே உள்ளது. போலீசில் புகார் கொடுக்கலாம்.

எங்கே போவது?

மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் மனநல பிரிவு உள்ளது. திருப்பூர்க்காரர்கள் தாராபுரம் ரோட்டில் உள்ள அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்கு போகலாம். ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் 'மனநல டாக்டரை பார்க்கணும்' என்று சொன்னால் போதும். மாத்திரையும் இலவசம்.

வெளியே தெரிந்துவிடும் என்று கூச்சப்படுபவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு பேசலாம். 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

பக்கத்து மிஷினில் உட்காரும் ஆள் 2 வாரமாக சரியில்லையா? டீ டைமில் ஒரு வார்த்தை கேட்டுப்பாருங்கள். இந்த எண்ணையும் எழுதிக்கொடுங்கள்.