ஒரு பொடிக்குள் எத்தனை காரம்?

அமெரிக்காவின் தென்கோடியில் மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிக் கிடக்கும் லூசியானா மாநிலத்துச் சமையலில் கேஜன் பொடி என்றொரு மசாலாக் கலவை உண்டு. அதன் செய்முறையை முதன்முறையாகப் படிக்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும். சிவப்பு மிளகாய்த்தூள் போட்டாயிற்று, பிறகு கருமிளகு எதற்கு? கருமிளகும் விழுந்த பிறகு வெள்ளை மிளகு எதற்கு? காரம்தான் வேண்டுமென்றால் மிளகாயையே இன்னொரு கரண்டி கூட்டிவிடலாமே?

இந்தச் சமையலை உலகறியச் செய்தவர் பால் புருதோம். 1940இல் லூசியானாவின் ஓபலூசாஸ் ஊரில் பிறந்தவர். 1979இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் மனைவியோடு சேர்ந்து உணவகம் தொடங்கினார். 1984இல் வெளிவந்த அவருடைய சமையல் புத்தகம் அமெரிக்க வீடுகளுக்குள் கேஜன் உணவைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவருடைய செய்முறைகள் பலவற்றில் மிளகாய், கருமிளகு, வெள்ளை மிளகு மூன்றும் சேர்ந்தே வருகின்றன. நாக்கை நம்பி அவர் செய்த அந்த வேலைக்கு, பின்னால் வந்த நரம்பியல் நல்ல விளக்கம் கொடுத்திருக்கிறது.

காரம் ஒரு சுவை அல்ல. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்றவற்றை உணரும் சுவை மொட்டுகளுக்கும் காரத்துக்கும் தொடர்பில்லை. மிளகாயில் இருக்கும் கேப்சைசின் என்ற வேதிப்பொருள், வலியையும் சூட்டையும் மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. அந்த முனைகளில் டிஆர்பிவி1 என்ற புரதம் ஏற்பியாக இருக்கிறது. சாதாரணமாக அது ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸ் சூடு பட்டால்தான் திறக்கும். கேப்சைசின் வந்து ஒட்டிக்கொண்டால் சூடே இல்லாமல் திறந்துவிடுகிறது. வாய் எரிகிறது என்று மூளை நம்புகிறது, நெற்றியில் வியர்வையை வரவழைக்கிறது. இந்த ஏற்பியை 1997இல் அடையாளம் கண்ட குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ், 2021இல் ஆர்டெம் படாபூட்டியனுடன் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கேப்சைசின் கொழுப்பில் கரையும், தண்ணீரில் எளிதில் கரையாது. நரம்புச் செல்லின் சவ்வு பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. அந்தச் சவ்வுக்குள் நுழைந்து உட்புறமாகத்தான் அது ஏற்பியைப் பிடிக்கிறது. அதனால் மிளகாய்க் காரம் சற்றுத் தாமதித்து ஏறும், ஏறியபின் சீக்கிரம் இறங்காது. தண்ணீர் குடித்தால் அடங்காததும், பால் குடித்தால் தணிவதும் இதனால்தான். பாலில் உள்ள கேசின் புரதம் கேப்சைசினைப் பற்றிக்கொண்டு போய்விடும்.

மிளகின் காரத்துக்குக் காரணம் பைப்பரின். இதுவும் அதே டிஆர்பிவி1 ஏற்பியைத்தான் திறக்கிறது, ஆனால் நிறைய வேண்டும். தூய கேப்சைசினின் காரம் ஸ்கோவில் அளவையில் ஒரு கோடியே அறுபது லட்சம், பைப்பரினுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம்தான். அந்தக் குறையை அளவு ஈடுகட்டுகிறது: இந்தப் பொடியில் சேரும் கெயென் என்ற மிளகாய் வகையில் கேப்சைசின் வகைகள் அரை சதவீதம்கூடத் தேறாது, நல்ல மிளகிலோ பைப்பரின் ஐந்து சதவீதத்துக்குக் குறையாது. மிளகின் காரம் பட்டென்று வரும், மிளகாயைவிட விரைவாக விலகும். இப்போது புருதோமின் கணக்கு புரிகிறது. முதல் கடியில் மிளகு பேசுகிறது. அது ஓயும் நேரத்தில் மிளகாய் எழுகிறது. மிளகாயை மட்டும் கூட்டினால் இந்த ஏற்ற இறக்கம் கிடைக்காது, எரிச்சல்தான் கூடும்.

சரி, ஒரே கொடியின் காயை ஏன் கருப்பிலும் வெள்ளையிலும் போட வேண்டும்? பச்சையாகப் பறித்துத் தோலோடு காயவைத்தால் கருமிளகு. பழுத்ததைப் பறித்து, நாட்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, தோலை உரித்துக் காயவைத்தால் வெள்ளை மிளகு. மணம் தரும் எண்ணெய்களில் பெரும்பகுதி தோலை ஒட்டியே இருக்கிறது, பைப்பரினோ உள்ளே இருக்கிறது. ஆகவே வெள்ளை மிளகில் மணம் குறைந்து காரம் தனித்து நிற்கும். ஊறும்போது நுண்ணுயிர்கள் வேலை செய்வதால் லேசான புளித்த வாடையும் சேரும். சிலருக்கு அந்த வாடை தொழுவத்தை நினைவூட்டும், ஆகவே அளவோடு போடுவது நல்லது. கருமிளகின் தனி மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல்தான் கண்டறிந்தார்கள், அதுவும் ஷிராஸ் திராட்சை மதுவில் மிளகு மணம் எங்கிருந்து வருகிறது என்று தேடும்போது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்தப் பொருளின் மணமே தெரிவதில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது. ஒரே குழம்பில் ஒருவருக்கு மிளகு தூக்கலாகவும் அடுத்தவருக்கு மந்தமாகவும் தோன்ற இது ஒரு காரணமாக இருக்கலாம்.

பொடியின் மற்ற சரக்குகளும் சும்மா இருப்பதில்லை. பூண்டின் அல்லிசின், டிஆர்பிஏ1 என்ற வேறோர் ஏற்பியைத் தூண்டுகிறது. கடுகின் நெடி மூக்கில் ஏறுவதும் இதன் வழியாகத்தான். தைம் இலையின் தைமாலும் ஆரிகானோவின் கார்வக்ராலும் டிஆர்பிவி3 என்ற இன்னோர் ஏற்பியைத் திறக்கின்றன. இதமான வெதுவெதுப்பை உணரும் ஏற்பி அது. தைமால் நமக்குப் புதிதல்ல: ஓமத்தைக் கசக்கினால் எழும் மணம் அதுதான். கார்வக்ரால் கற்பூரவள்ளி இலையில் இருக்கிறது. இரண்டு பொருளுக்கும் வேதி வாய்பாடு ஒன்றே, ஒரேயொரு ஆக்சிஜன்–ஹைட்ரஜன் இணை ஒட்டியிருக்கும் இடம்தான் வேறு. ஆக, ஒரு சிட்டிகைப் பொடிக்குள் வலி, சூடு, நெடி, வெதுவெதுப்பு என்று நாலைந்து செய்திகள் வெவ்வேறு நரம்பு வழிகளில், வெவ்வேறு வேகத்தில் மூளைக்குப் போகின்றன. இந்தப் பொடியின் அருமையாக நான் நினைப்பது இதைத்தான்.

இந்தப் பொடிக்குப் பெயர் தந்த கேஜன் மக்களின் கதை இடப்பெயர்ச்சியின் கதை. இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் அகேடியா என்ற பெயரில் பிரெஞ்சுக் குடியேறிகளின் நாடு இருந்தது. பிரிட்டிஷ் அரசு 1755 முதல் அவர்களை ஆயிரக்கணக்கில் வீடு வாசலிலிருந்து பிடுங்கிக் கப்பலேற்றியது. குடும்பங்கள் சிதறின, வழியிலேயே பலர் மாண்டனர். எஞ்சியவர்களில் ஒரு பகுதியினர் 1760களிலிருந்து, அப்போது ஸ்பெயினின் கையில் இருந்த லூசியானாவுக்கு வந்து சேர்ந்தார்கள். 1785இல் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் மேலும் 1,600 பேரளவில் வந்தார்கள். குளிர்நாட்டுச் சமையலோடு வந்தவர்கள் சதுப்பு நிலத்தின் மீனையும் நண்டையும் நன்னீர் இறாலையும் பழகிக்கொண்டார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களிடமிருந்து வெண்டைக்காயும், சாக்டா பழங்குடிகளிடமிருந்து சசாஃப்ராஸ் இலைப் பொடியும் அந்தச் சட்டிக்குள் வந்தன. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக்காரன். மிளகோ நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கொடி.

பொடியில் அதிக அளவு விழுவது பாப்பரிக்கா. காரம் குறைந்த சிவப்பு மிளகாயை அரைத்த தூள் இது. இதன் வேலை நிறமும் லேசான இனிப்பும். சிவப்புக்குக் காரணமான கேப்சாந்தின், கேரட்டின் நிறப்பொருளுக்கு உறவு. வெளிச்சமும் காற்றும் பட்டால் சிதையும். கண்ணாடிப் பாட்டிலில் அடுப்பு மேடையிலேயே வைக்கும் மிளகாய்த்தூள் சில மாதங்களில் செங்கல் நிறத்துக்கு வெளுத்துப்போவது இதனால்தான். கடையில் பாப்பரிக்கா கிடைக்காவிட்டால் கவலையில்லை, பியாடகி அல்லது காஷ்மீரி மிளகாயின் விதையை நீக்கி அரைத்தால் நிறம் சரியாக வரும். எல்லாம் கேப்சிகம் ஆனம் என்ற ஒரே இனம்தான்.

வீட்டில் செய்ய நான் பரிந்துரைக்கும் அளவு இது. பாப்பரிக்கா இரண்டு மேசைக்கரண்டி, பூண்டுப் பொடியும் வெங்காயப் பொடியும் ஒவ்வொரு மேசைக்கரண்டி. கருமிளகு, தைம், ஆரிகானோ மூன்றும் இரண்டிரண்டு தேக்கரண்டி. வெள்ளை மிளகு ஒரு தேக்கரண்டி, கெயென் மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி. கெயெனுக்குப் பதில் வீட்டு மிளகாய்த்தூள் தாராளமாகப் போதும். தைம் கிடைக்காவிட்டால் அரைத் தேக்கரண்டி ஓமத்தை அரைத்துச் சேர்க்கலாம், அதற்கு மேல் போட்டால் ஓமம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். சாம்பார்ப் பொடிக்குப் போல எதையும் வறுக்க வேண்டாம். இந்தப் பொடி நேராகச் சட்டியின் சூட்டைச் சந்திக்கப்போகிறது. முன்கூட்டியே வறுத்தால் அங்கே கருகிக் கசக்கும்.

மிளகை மட்டும் முழுதாக வாங்கி அன்றன்றைக்கு அரைத்துக்கொள்வது நல்லது. ஒரு துண்டைப் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகள்களாக அரைத்தால் காற்றுப் படும் பரப்பு பத்து மடங்காகிறது, மணமும் அந்த வேகத்தில் பறக்கத் தொடங்குகிறது. மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டாமல் விட்டுவிட்டு ஓட்டினால் சூடேறாது. உலர்ந்த இலைகளையும் தூளாக்கிச் சலித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாட்டிலைக் குலுக்கக் குலுக்கப் பெருந்துகள் மேலே ஏறும், நுண்துகள் அடியில் தங்கும். முதல் வாரம் இலையும் கடைசி வாரம் காரமுமாக இருக்கும்.

இந்தப் பட்டியலில் உப்பு இல்லை. அதை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். கடையில் விற்கும் கேஜன் பொடிகள் பலவற்றின் உட்பொருள் பட்டியலில் முதலில் நிற்பது உப்புதான். காரத்தைக் கூட்ட நினைத்து இன்னொரு கரண்டி போட்டால் உப்பும் கூடுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. ஒரு தேக்கரண்டி உப்பே ஏறத்தாழ 6 கிராம் இருக்கும். அடுத்த காரணம் நம் ஊர்க் காற்று. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாக நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் அப்படிப்பட்ட நாட்கள் ஏராளம். அந்த ஈரம் வெங்காயப் பொடியையும் பூண்டுப் பொடியையும் பிடித்தால் பாட்டில் முழுதும் ஒரே கட்டி.

மூன்றாவது காரணம்தான் சமையலுக்கு முக்கியம். உப்பு நீரில் கரைந்து சிறு அயனிகளாகப் பிரிகிறது, அரை மணி நேரத்தில் மீன் துண்டின் சதைக்குள் கணிசமாக இறங்கிவிடுகிறது. கேப்சைசினும் கேப்சாந்தினும் பைப்பரினும் அப்படி இறங்கா. எவ்வளவு நேரம் ஊறப்போட்டாலும் அவை பெரும்பாலும் மேற்பரப்பிலேயே நிற்கும். ஆகவே உப்பை முதலில் தனியாகத் தடவி அரை மணி நேரம் விட்டு, கசிந்த நீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, அடுப்பில் போடும் தறுவாயில் பொடியைப் பூசினால் இரண்டும் தத்தம் வேலையைச் செய்யும்.

குழம்பிலோ சோற்றிலோ சேர்ப்பதென்றால் பூண்டுப் பொடிக்கு ஒரு தனிக் கவனிப்பு உண்டு. பூண்டுப் பல்லில் அல்லினும், அதை அல்லிசினாக மாற்றும் நொதியும் வெவ்வேறு அறைகளில் இருக்கின்றன, நசுக்கும்போதுதான் சேர்கின்றன. பக்குவமாகக் குறைந்த சூட்டில் உலர்த்திய பொடியில் இரண்டும் உறங்கிக் கிடக்கும், நீர் பட்டதும் விழிக்கும். பொடியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் குழைத்து ஐந்து நிமிடம் வைத்துவிட்டு எண்ணெயில் போட்டால் பூண்டு மணம் எழும். தண்ணீருக்குப் பதில் எலுமிச்சைச் சாற்றில் குழைத்தால் புளிப்பு அந்த நொதியை முடக்கிவிடும். எலுமிச்சையைக் கடைசியில் பிழிந்துகொள்ளலாம்.

புருதோமைப் புகழேற்றிய உணவு, சிவப்பு மீனைக் கருக வாட்டுவது. மீனை உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, இருபுறமும் பொடியை அப்பி, புகையும் அளவுக்குக் காய்ந்த வார்ப்பிரும்புச் சட்டியில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போடுவார்கள். வெண்ணெயின் பால் புரதமும் வெங்காயப் பொடியின் சர்க்கரையும் அந்தச் சூட்டில் வினைபுரிந்து கருஞ்சிவப்பு மேலோடாகின்றன, உள்ளே மீன் வெண்மையாக, ஈரமாக இருக்கும். இதற்கு நான்-ஸ்டிக் சட்டி கூடவே கூடாது. அதன் பூச்சு 260 டிகிரியைத் தாண்டினால் சிதைந்து நச்சுப் புகை விடும். இரும்புத் தோசைக்கல் போதும். சன்னல்களைத் திறந்துவையுங்கள். புகையோடு கேப்சைசின் துகள்களும் பறக்கும். மூச்சுக்குழாயிலும் அதே டிஆர்பிவி1 ஏற்பிகள் இருப்பதால் வீடே இருமும். ஆஸ்துமா உள்ளவர்கள் சமையலறைப் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

அந்த உணவுக்கு எழுந்த மோகத்தில் மெக்சிகோ வளைகுடாவில் சிவப்பு மீனை அளவுக்கு மீறிப் பிடித்துத் தீர்த்தார்கள். 1980களின் பிற்பகுதியில் வளைகுடாவின் கூட்டாட்சிக் கடற்பகுதியில் அதன் வணிகப் பிடிப்பு தடை செய்யப்பட்டது. 1988இல் லூசியானாவும் அதை விற்பனைக்குப் பிடிக்கக் கூடாத மீனாக அறிவித்தது. டெக்சாஸில் இப்போது குளங்களில் வளர்க்கிறார்கள். சிவப்பு மீன், நம் கடலில் கிடைக்கும் கத்தாளை மீன்களின் குடும்பம்தான். விரல் கனத்துக்கு நறுக்கிய கத்தாளைத் துண்டு ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டிப் பொடி சரியாக இருக்கும்.