தேனீ காணும் பூ

ஆவாரம்பூவின் நிறம் என்ன என்று கேட்டால் பள்ளிக்கூடம் போகாத பிள்ளையும் மஞ்சள் என்று சொல்லிவிடும். அதே கேள்வியைத் தேனீயிடம் கேட்க முடிந்தால், நம் மொழியில் பெயரே இல்லாத ஒரு நிறத்தை அது சொன்னாலும் சொல்லும்.

நம் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியை மட்டுமே உணர்கிறது. தேனீ காண்பதோ 300 முதல் 650 வரை. சிவப்பை இழந்து, அதற்கு ஈடாகப் புறஊதாவைப் பெற்றிருக்கிறது. பூச்சியினத்துக்கு இத்திறன் உண்டென்று முதலில் காட்டியவர் ஆங்கில அறிஞர் ஜான் லப்பக். பட்டகத்தால் பிரித்த ஒளியை எறும்புகள் மீது விழச் செய்தார். நமக்கு இருட்டாகத் தோன்றும், ஊதாவுக்கு அப்பாற்பட்ட இடத்திலிருந்தும் அவை கூட்டுப்புழுக்களைத் தூக்கிக்கொண்டு ஓடின. 1882-இல் வந்த அவருடைய நூலில் இச்செய்தி உள்ளது.

இதழ்களில் உள்ள கோடுகளும் புள்ளிகளும் தேன் இருக்கும் இடத்துக்கு வழிகாட்டுகின்றன என்று ஸ்ப்ரெங்கல் என்னும் ஜெர்மானியர் 1793-லேயே எழுதினார். நம் கண்ணுக்குத் தெரியாத வழிகாட்டிகளும் உண்டு என்பது அவருக்குத் தெரியாது. சூரியகாந்தியை எடுத்துக்கொள்வோம். நமக்கு அதன் இதழ் முழுதும் ஒரே மஞ்சள். புறஊதாப் படத்திலோ இதழின் நுனி வெளுத்தும் அடி கறுத்தும், நடுவில் ஒரு கரிய வட்டம்போலக் காணும். அடியில் உள்ள ஃபிளேவனால் என்னும் பொருள்கள் அக்கதிரை உறிஞ்சிவிடுவதே காரணம். 2022-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வட்டம் பெரிதாக உள்ள பூக்கள் குறைவாகவே நீரை இழக்கின்றன. ஆகவே அது பூச்சிக்கு இடும் அழைப்பு மட்டுமன்று.

இதைப் படமெடுப்பது எப்படி? கடையில் ‘யு.வி. ஃபில்டர்’ என்று விற்பதை வாங்கி ஏமாறக் கூடாது. அது புறஊதாவைத் தடுப்பது! நமக்கு வேண்டியது, அதை மட்டும் விட்டுக் கண்ணுறு ஒளியையும் அகச்சிவப்பையும் தடுக்கும் வடிகட்டி. டிஜிட்டல் கேமராவின் உணரிக்கு முன்னுள்ள தடுப்புக் கண்ணாடியையும் தக்கவரைக் கொண்டு நீக்க வேண்டும். கண்ணாடி புறஊதாவை விழுங்கும் இயல்புடையது. எனவே பல கண்ணாடிகள் அடுக்கிய விலையுயர்ந்த லென்சைவிட, பழைய என்லார்ஜரின் எளிய லென்சே பெரும்பாலும் நன்கு உதவும். படம் பதிய நேரம் பிடிக்கும். முக்காலி வேண்டும், நல்ல வெயில் வேண்டும், காற்று அடங்கியிருக்க வேண்டும். முதலில் சாதாரணப் படம் ஒன்று, பிறகு கேமராவை அசைக்காமல் புறஊதாப் படம் ஒன்று. பக்கத்தில் குழாய் வேலைக்காரர் சுற்றும் வெள்ளை டெஃப்ளான் டேப்பை வைத்தால் போதும். அது புறஊதாவை நன்கு பிரதிபலிப்பதால், வெளுப்புக்கு அளவுகோலாகும்.

கிடைப்பது உண்மையில் கறுப்பு வெள்ளைப் படமே. ‘தேனீயின் கண்ணில் பூ’ என்று வண்ணமயமாக அச்சிடுகிறார்களே, அந்த வண்ணம் நாம் பூசியது. இதைச் சொல்லாமல் படத்தை மட்டும் காட்டுவது சரியன்று என்பது என் கருத்து.

இன்னொரு குழப்பமும் உண்டு. இருட்டில் புறஊதா விளக்கடித்துப் பூ ஒளிர்வதைப் படமெடுப்பது ஒளிர்தல். அது வேறு, இது வேறு. அதுவும் ஆராயத்தக்கதே. கேரளத்துப் பாலோடு தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்கள் மேகாலயத்துக் குடுவைச் செடியின் விளிம்பு புறஊதாவில் நீலமாக ஒளிர்வதை 2013-இல் வெளியிட்டார்கள். அவ்வொளியை மறைத்தபோது செடியில் விழும் பூச்சிகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அவ்விளக்கை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. நம் கண் அக்கதிரைக் காணாது, ஆனால் அதனால் கெடும்.

உத்திரமேரூருக்கு வருவோர் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கல்வெட்டுகள் வைரமேக தடாகம் என்று குறிக்கும் ஏரியின் கரையில் ஏறி நடந்தால் தும்பை, நெருஞ்சி, துத்தி, எருக்கு, வெட்டுக்காயப் பூண்டு எல்லாம் தட்டுப்படும். நெருஞ்சியிலிருந்து தொடங்கலாம். வெயிலைப் பார்த்தே மலர்வதால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. தரையோடு கிடப்பதால் காற்றும் அதிகம் அசைக்காது. முள்ளைப் பார்த்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.