ஆழ்கடலுக்கு எப்போது கிளம்பலாம்? கரையிலேயே மீனவர்கள் போடும் கணக்கு இதுதான்!

"மீனவர்கள் ஆழ்கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று செய்தியில் வந்ததும் பலர் சேனலை மாத்திடுவாங்க. ஆனால் டீசல், ஐஸ், அரிசி, தண்ணீர் எல்லாம் ஏற்றி, லட்சக்கணக்கில் செலவு செய்து நிற்கும் விசைப்படகுக்காரருக்கு அந்த ஒரு வரிதான் எல்லாமே.

இன்னைக்குக் கடல் அமைதியா இருக்கா என்பது அவருக்குப் பெரிய கேள்வி இல்லை. திரும்பி வரும் நாளில் எப்படி இருக்கும்? சிக்கல் அங்கேதான்.

கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் வட்டாரப் படகுகளை எடுத்துக்கொள்வோம். சுறா, சூரை தேடி அரபிக்கடலில் லட்சத்தீவையும் தாண்டிப் போகிறவை இவை. ஒரு பயணமே வாரக்கணக்கில் நீளும். மணிக்கு 8 கடல் மைல் வேகத்தில் ஓடும் படகு 300 கடல் மைல் தள்ளி நிற்கிறது என்றால், கரைக்கு வர 37 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2017 நவம்பர் 29-ல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, மறுநாளே புயலாகிவிட்டது. ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தவர்களுக்குத் தகவலும் போகவில்லை, போயிருந்தாலும் திரும்ப நேரமில்லை.

சீசனைப் பொறுத்தவரை கணக்கு ஓரளவு எளிது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல் சீசன். இரண்டு கடலும் தொடும் குமரி மாவட்டத்தில் இரண்டு தடைக்காலமும் உண்டு.

அறிக்கையில் என்ன பார்க்கணும்?

முதலில் காற்று. மணிக்கு 45 முதல் 55 கி.மீ., இடையிடையே 65 கி.மீ. என்று வந்தால் பயணம் ரத்து, அவ்வளவுதான்.

அடுத்தது அலை உயரம். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். "3 மீட்டர்" என்றால் எந்த அலையும் 3 மீட்டரைத் தாண்டாது என்று அர்த்தமில்லை. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரிதான் அந்த எண். நடுவே சில அலைகள் ஏறக்குறைய 6 மீட்டர் வரைக்கும் எழும்பலாம்.

இன்னொன்று, மீனவர்களுக்கான வானிலை எச்சரிக்கை 5 நாட்களுக்குத்தான் வரும். 30 நாள் பயணத்துக்கு அது எப்படிப் போதும்? மீதி நாட்களுக்குக் கடலிலேயே தகவல் வந்து சேரணும். செல்போன் டவர் கரையை ஒட்டிய கொஞ்ச தூரத்தோடு சரி. அதற்காகத்தான் 2019-ல் ஜெமினி கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை வாங்கி, புளூடூத் மூலம் செல்போனுக்கு அனுப்பும். ஆனால் இது ஒருவழிப் பாதை. படகிலிருந்து "ஆபத்து" என்று இதில் சொல்ல முடியாது. அதற்கு இருவழித் தொடர்புள்ள டிரான்ஸ்பாண்டர் வேண்டும்.

கரை கண்ணுக்குத் தெரிந்த பிறகும் நிம்மதி கிடையாது. தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து, அலையில் படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. அலை தணியும் வரை வெளியே காத்திருக்க நேரலாம். அதற்கும் சேர்த்துத்தான் டீசல் போடணும்.

கடலில் ஆபத்து என்றால், கரையில் இருக்கும் குடும்பத்தினர் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை இலவசமாக அழைக்கலாம். படகின் பதிவு எண், எத்தனை பேர், எந்தத் திசையில் போனார்கள் என்ற விவரங்களைக் கிளம்பும் முன்பே வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால், தேடுகிறவர்களுக்கு நேரம் மிச்சம்.