ரேசுக்கு வாக்கி டாக்கி வாங்கப் போறீங்களா? கிலோமீட்டர் கணக்கை நம்பி ஏமாறாதீங்க!

விக்கிரவாண்டி:
விக்கிரவாண்டியில் இருந்து திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக போனால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை. 1990-ல் தொடங்கிய சென்னை கார் பந்தய மைதானம் இங்குதான் உள்ளது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர்.

சீறிப்பாயும் காரில் இருப்பவருக்கு பிட்டில் நிற்கும் மெக்கானிக் கத்தினால் கேட்குமா? "முன்னாடி கார் கவுந்து கிடக்கு, மெதுவா போ" என்று பேசி சொல்ல ரேடியோதான் கைகொடுக்கும். அந்த ஒரு வார்த்தை கேட்காமல் போனால் உயிருக்கே ஆபத்து.

மைக்தான் முக்கியம்

பலரும் "எத்தனை கிலோமீட்டர் எடுக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். பெட்டியில் போட்டிருக்கும் தூரம் வெட்டவெளிக்கான கணக்கு. கட்டிடம், மேடு குறுக்கே வந்தால் பாதிகூட தேறாது.

முதலில் பார்க்க வேண்டியது, என்ஜின் இரைச்சலை வடிகட்டும் மைக். அது ஹெல்மெட்டுக்குள் உதட்டை ஒட்டி இருக்க வேண்டும். காதுக்குள் அடைத்துக்கொள்ளும் இயர்போன் வேண்டும். பேசும் பட்டன் ஸ்டியரிங்கிலேயே இருந்தால் கையை எடுக்க வேண்டியதில்லை. காரின் மேல் ஏரியல் வைத்தால் சிக்னல் தெளிவாக கிடைக்கும். பிட்டில் நிற்பவர்களுக்கு காதை முழுசாக மூடும் ஹெட்போன் அவசியம். ஸ்பேர் பேட்டரியை மறக்கக்கூடாது.

லைசென்ஸ் உஷார்!

ஆன்லைனில் மலிவாக கிடைக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் அதற்கும் மத்திய அரசின் கருவி ஒப்புதல் சான்று இருக்க வேண்டும். மற்ற அலைவரிசை வாக்கி டாக்கிகளுக்கு தொலைத்தொடர்பு துறையின் லைசென்ஸ் கட்டாயம். இல்லாவிட்டால் பறிமுதல், வழக்கு என்று அலைய வேண்டியதுதான். போலீஸ் ரேடியோவுக்கு இடைஞ்சல் வந்தால் சிக்கல் இன்னும் பெரிது.

விவரம் சொல்லாமல் வாக்கி டாக்கி விற்றதாக முன்னணி ஆன்லைன் தளங்களுக்கு 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. எனவே பில்லுடன் அலைவரிசை, சான்று இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

பைக் ரேசுக்கு?

பைக் பந்தயத்தில் இன்றும் பிட் போர்டுதான் பேசுகிறது. சுற்று எண்ணிக்கை, நேர இடைவெளியை பலகையில் எழுதி காட்டுவார்கள். அதனால் எந்த பந்தயமானாலும் அமைப்பாளர்களிடம் ரேடியோவுக்கு அனுமதி உண்டா என்று கேட்ட பிறகே பணத்தை எடுங்கள்.

ரேடியோ இருக்கிறதே என்று கொடியை கவனிக்காமல் விடாதீர்கள். பேட்டரி தீர்ந்தாலும் மஞ்சள் கொடி கண்ணுக்கு தெரியும்!