துருவுக்கு ஒரு வேலை!

உடம்பைச் சூடாக்குவது பெரிய வித்தையே இல்லை. மாதக் கடைசியில் மேனேஜர் ஒரு மெமோ நீட்டினால் போதும். வேண்டிய இடத்தை மட்டும் சூடாக்குவதில்தான் வித்தை.

புற்றுநோய்க் கட்டியை 43 டிகிரி செல்ஷியஸ் போலச் சூடாக்கினால் அதன் செல்கள் தள்ளாடிப் போகும். அந்தச் சமயம் பார்த்து ரேடியேஷன் கொடுத்தால் இன்னும் சுலபமாகச் சாகும். சரி, பக்கத்தில் இருக்கும் நல்ல சதையை வேகவிடாமல் இதை எப்படிச் செய்வதாம்?

1957-ல் சிகாகோவில் கில்கிறிஸ்ட்டும் சகாக்களும் ஒரு வழி காட்டினார்கள். இரும்பு ஆக்ஸைடு பொடி. நம் ஜன்னல் கம்பியில் பிடிக்கிறதே துரு, அதற்குப் பங்காளி! அதை நாய்களின் நிணநீர் முடிச்சுகளில் சேர்த்து, திசை மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தில் வைத்தார்கள். பொடி இருந்த இடம் சூடானது.

எப்படி? "இந்தப் பக்கம் திரும்பு", "அந்தப் பக்கம் திரும்பு" என்று மாற்றி மாற்றி உத்தரவு வந்தால் ஒரு கிளார்க் என்ன ஆவார்? பொடியின் காந்தமும் அப்படித்தான். திரும்பித் திரும்பியே சூடாகிவிடும்.

பெர்லினில் ஆந்த்ரேயாஸ் யோர்டான் குழுவினர் இதை மனிதர்களுக்குக் கொண்டுவந்தார்கள். துகள் ஒவ்வொன்றும் சுமார் 12 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டு, அதில் 12 எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் சைஸ். தண்ணீரில் கலந்து மூளைக் கட்டிக்குள் ஊசியால் செலுத்தி, விநாடிக்கு லட்சம் தடவை அலையும் காந்தப்புலத்தைக் காட்டினார்கள். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம். கூடவே ரேடியேஷன்.

முதல் சிகிச்சைக்குப் பின்னும் கிளியோபிளாஸ்டோமா என்ற பொல்லாத கட்டி திரும்பி வந்த 59 பேரின் முடிவுகள் 2011-ல் வெளியாயின. கட்டி திரும்பியது தெரிந்த நாளிலிருந்து பாதிப் பேர் 13.4 மாதங்களுக்கு மேல் இருந்தார்கள். இந்த நோயில் சில மாதங்கள் கூடக் கிடைப்பதே பெரிய விஷயம். ஐரோப்பா 2010-லேயே அனுமதி கொடுத்திருந்தது.

ஆனால் இலவசமாக எதுவும் வராது. பல்லில் அடைத்த உலோகத்தைக்கூட முதலில் பிடுங்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் சூடாகும். உள்ளே தங்கிய இரும்பு, பிறகு எம்.ஆர்.ஐ. படத்தைக் கெடுத்துவிடும். முக்கியமாக, இந்தச் சிகிச்சை பெறாத இன்னொரு குழுவைக் குலுக்கல் முறையில் பிரித்து, கூடவே வைத்து ஒப்பிடவில்லை.

எனக்கு இந்தத் துருவின் மேல் நிஜமாகவே நம்பிக்கை உண்டு. அதனால்தான் சொல்கிறேன். வீட்டில் யாருக்காவது நோய் வந்து, "ஸார், கேன்சருக்கு நானோ வைத்தியம் வந்தாச்சு" என்று ஒருவர் வந்து நின்றால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? யாரோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை மாதம் கூடக் கிடைத்தது? பதில் வரும்வரை, நடக்கிற வைத்தியத்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.